சோடியத்தின் மஞ்சளும் ஆர்பிட்டாலின் வடிவமும்

உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிவிடும். அந்த நேரத்தில் நிறத்தை யார் பார்க்கிறார்கள், அடுப்பை அணைக்கத்தான் கை போகும். ஆனால் அது பார்க்க வேண்டிய நிறம். சோடியம் எந்தச் சேர்மத்திலிருந்து வந்தாலும் சரி, சுடரில் ஆவியான அதன் அணுக்கள் விடும் மஞ்சள் மாறுவதில்லை. அலைநீளம் 589 நானோமீட்டர். நல்ல கருவியில் பார்த்தால் 589.0, 589.6 என்று அடுத்தடுத்து இரண்டு கோடுகள். எல்.இ.டி. வருவதற்கு முன் நம் சாலைகளை மஞ்சளாக்கி வைத்திருந்த சோடியம் ஆவி விளக்குகளுக்கும் இதுதான் மூலம்.

இதற்கு விளக்கம் கேட்டால் பதினோராம் வகுப்பு மாணவர் சரியாகவே சொல்லிவிடுவார்: எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்கு ஏறுகிறது, திரும்ப இறங்கும்போது வித்தியாசத்தை ஒளியாக விடுகிறது. எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் சிக்கல். 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு என்பது விடை. இரண்டிலும் எண் 3. ஹைட்ரஜனில் இந்த இரண்டுக்கும் ஆற்றல் ஒன்றே. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் ஏறுவது ஏது, இறங்குவது ஏது? அப்படியானால் சோடியத்துக்கு மட்டும் இந்த மஞ்சள் எப்படி வந்தது?

ஆர்பிட்டாலின் வடிவத்தால் வந்தது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஆர்பிட்டால் வடிவங்கள் ஒரு நாள் படமாக வரையப்படுகின்றன. ஆற்றல் வரிசை இன்னொரு நாள் 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ் என்று மனப்பாடமாகிறது. இரண்டுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்வதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. அந்தப் பாடத்திலேயே ருசியான பகுதி அந்த உறவுதான் என்பது என் கட்சி.

முதலில் கோடுகளின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1814-இல் பவேரியாவின் கண்ணாடி வல்லுநர் யோசஃப் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தபோது, வண்ணப்பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் தெரிந்தன. கண்ணாடியின் ஒளிவிலகலைத் துல்லியமாக அளக்க அவை அவருக்கு அடையாளங்களாகப் பயன்பட்டன. முக்கியமான கோடுகளுக்கு ரோமன் எழுத்துகளை வரிசையாக வைத்தார். மஞ்சளில் இருந்த கோட்டுக்கு 'டி' வாய்த்தது. (இந்த டி வேறு, பின்னால் வரப்போகும் 3டி வேறு.) 1859-இல் ஹைடல்பர்க்கில் குஸ்டாவ் கிர்க்காஃப், சூரிய ஒளி வரும் வழியில் உப்புச் சுடர் ஒன்றை வைத்துப் பார்த்தார். சுடரின் மஞ்சள் அந்தக் கறுப்பை நிரப்பிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோடு முன்னைவிடக் கறுத்தது. எந்த ஒளியைச் சோடியம் வெளியிடுமோ அதே ஒளியைத்தான் அது விழுங்கவும் செய்கிறது. ஆகவே சூரியனின் மேலடுக்கில் சோடியம் இருக்கிறது. கிர்க்காஃபும் ராபர்ட் பன்சனும் இதே உத்தியால் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். தனிமத்தைக் கையால் பிரித்தெடுப்பதற்கு முன்பே கோட்டால் அடையாளம் காணும் காலம் அப்படித் தொடங்கியது.

கோடுகள் ஏன் அந்தந்த இடத்தில் விழுகின்றன என்பதற்கு முதல் துப்பு, பாசல் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்த யோஹான் பால்மரிடமிருந்து 1885-இல் வந்தது. ஹைட்ரஜனின் நான்கு கோடுகளை ஒரே வாய்பாட்டில் அடக்கிக் காட்டினார்; ஏன் அடங்குகின்றன என்று அவருக்கும் தெரியாது. 1913-இல் நீல்ஸ் போர் அதற்குக் காரணம் சொன்னார். எலக்ட்ரானுக்குச் சில ஆற்றல்கள் மட்டுமே அனுமதி, 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களால் வகுத்தால் அவை கிடைக்கும். அணுவிலிருந்து பிய்ந்து சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரானின் ஆற்றலைச் சூன்யம் என்று வைத்துக்கொள்வதால் இவற்றுக்கு எதிர்க்குறி: முதல் மட்டம் -13.6, இரண்டாவது -3.40, மூன்றாவது -1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 1.89 எலக்ட்ரான் வோல்ட் மிஞ்சும். எலக்ட்ரான் வோல்ட்டை நானோமீட்டராக மாற்றும் எண்ணான 1240-ஐ அதனால் வகுத்தால் 656 நானோமீட்டர் என்று அலைநீளம் வரும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு அதே இடத்தில் இருக்கிறது.

இனி சோடியத்துக்கு வருவோம். அதற்கு 11 எலக்ட்ரான்கள். முதல் பத்தும் உள்ளே நெருங்கி அடைந்துவிடுகின்றன. ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை என்பது 1925-இல் வுல்ஃப்காங் பௌலி வகுத்த தவிர்ப்புத் தத்துவத்தின் விளைவு. ஆகவே பதினோராவது வெளியே நிற்க வேண்டியதுதான். அணுக்கருவில் 11 நேர்மின்சுமை, அதை மறைத்துக்கொண்டு 10 எதிர்மின்சுமை. வெளியே நிற்கும் எலக்ட்ரானுக்குத் தெரிவது நிகரமாக ஒன்றுதான், ஏறக்குறைய ஹைட்ரஜனைப் போல. அப்படியானால் மூன்றாம் மட்டத்தில் அதன் ஆற்றலும் -1.51-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

நிறமாலையை அளந்தால் வருவது வேறு. 3எஸ்-க்கு -5.14. 3பி-க்கு -3.04. 3டி-க்கு -1.52.

இந்த மூன்று எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசி எண் ஹைட்ரஜனின் எண்ணேதான், நூறில் ஒரு பங்கு வித்தியாசம். 3டி-யில் இருக்கும் எலக்ட்ரானுக்கு உள்ளே பத்து எலக்ட்ரான்கள் இருப்பதே தெரியவில்லை என்று சொல்லலாம். 3எஸ்-இல் இருக்கும் எலக்ட்ரானோ மூன்று மடங்குக்கும் மேல் ஆழத்தில் கிடக்கிறது. ஹைட்ரஜன் வாய்பாட்டையே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் உணரும் மின்சுமை எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் 3டி-க்கு 1.00, 3பி-க்கு 1.42, 3எஸ்-க்கு 1.84 என்று வருகிறது. ஒரே அணு, ஒரே எண் 3, ஆனால் மூன்று எலக்ட்ரான்கள் மூன்று வெவ்வேறு அணுக்கருக்களைப் பார்ப்பதுபோல. 3எஸ்-க்கும் 3பி-க்கும் உள்ள 2.10 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான் அடுப்பில் தெரிந்த மஞ்சள்.

இது நீல்ஸ் போருக்கு வெகுகாலம் முன்பே நிறமாலை ஆய்வாளர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. கார உலோகங்களின் கோடுகள் தனித்தனிக் குடும்பங்களாக விழுவதைக் கண்டு, கூர்மையானவை, முதன்மையானவை, பரவலானவை, அடிப்படையானவை என்று தோற்றத்தை வைத்துப் பெயரிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் எஸ், பி, டி, எஃப். கோளம், டம்பெல் என்ற வடிவங்கள் எவர் கனவிலும் இல்லாத காலத்தில் ஒளிப்படத் தட்டில் கோடு எப்படி விழுந்தது என்பதற்கு வைத்த பெயர்களை இன்று வடிவங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வடிவங்கள் 1926-இல் வந்தன. முந்தைய ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஸ்விட்சர்லாந்தின் மலையூரான அரோசாவில் தங்கியிருந்த எர்வின் ஷ்ரோடிங்கர், எலக்ட்ரானை அலையாகக் கொண்டு ஒரு சமன்பாட்டை உருவாக்கினார். அதைத் தீர்த்தால் போரின் ஆற்றல்கள் தாமாகவே வந்தன. கூடவே ஒவ்வொரு ஆற்றலுக்கும் ஓர் அலைச்சார்பும் வந்தது. அந்த அலை எதன் அலை என்பது ஷ்ரோடிங்கருக்கே தெளிவில்லை. அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் அதற்குப் பொருள் சொன்னார்: ஓர் இடத்தில் எலக்ட்ரான் அகப்படுவதற்கான நிகழ்தகவு அது. கட்டுரையின் உள்ளே அலைச்சார்பே நிகழ்தகவைத் தரும் என்று எழுதிவிட்டு, அச்சுப்படி திருத்தும்போது சேர்த்த அடிக்குறிப்பில், இல்லை, அதன் வர்க்கம்தான் தரும் என்று மாற்றினார். அந்த அடிக்குறிப்பில் இருப்பதுதான் இன்று உலகெங்கும் பாடம். 1954-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்தப் பொருள்கோளுக்காகத்தான்.

ஒரே ஓர் எலக்ட்ரானுக்கான இந்த அலைச்சார்பைத்தான் ஆர்பிட்டால் என்கிறோம். 1932-இல் ராபர்ட் மல்லிகன் வைத்த பெயர். எஸ் கோளம். பி டம்பெல், எக்ஸ், ஒய், இசட் அச்சுகளில் ஆளுக்கு ஒன்று. டி ஐந்து வகை. அவற்றில் நான்கைக் குளோவர் இலை போன்றவை என்று புத்தகம் சொல்கிறது. குளோவரை நம் மாணவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? வயலில் நீர் தேங்கும் இடத்தில் படரும் ஆரைக்கீரையைச் சொல்லியிருக்கலாம். ஒரு காம்பில் சரியாக நான்கு இலை, குறுக்குவாட்டில் இரண்டிரண்டாக. ஐந்தாவது டி மட்டும் தனி ஜாதி: நெட்டுக்குத்தாக ஒரு டம்பெல், இடுப்பில் ஒரு வளையம். அது ஏன் அப்படி என்று மாணவர்கள் குழம்புவார்கள். கணக்கில் நான்கிலை வடிவங்கள் ஆறு எழுதலாம். ஆனால் அவற்றில் ஐந்துதான் ஒன்றையொன்று சாராதவை. நான்கை அப்படியே வைத்துக்கொண்டு, மிஞ்சும் இரண்டைக் கலந்து ஒன்றாக்கியதன் தோற்றமே அந்த வளையம். மற்ற நான்குக்கு இல்லாத எந்த மர்மமும் அதற்கு இல்லை.

படங்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கோளத்துக்கும் டம்பெல்லுக்கும் உண்மையில் விளிம்பு கிடையாது. எலக்ட்ரான் அகப்பட 90 சதவீத வாய்ப்புள்ள பகுதியைச் சுற்றி வரைந்த கோடு அது. மிச்சம் பத்து சதவீதம் வெளியே எவ்வளவு தூரமும் போகும். இரண்டாவது, தனியாக நிற்கும் ஓர் அணுவுக்கு எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் ஏது? நாம் வரைவதற்காக வைத்துக்கொண்டவை அவை. மூன்று பி ஆர்பிட்டால்களும் சமமாக நிரம்பினால் மூன்று டம்பெல்களின் நிகழ்தகவும் கூடி ஒரு முழுக் கோளமாகிவிடும். 1927-இல் ஆல்பிரெக்ட் உன்சால்ட் இதை நிறுவினார். நியான் அணுவைச் சுற்றி ஆறு மொட்டுகள் முளைத்திருப்பதாக நினைத்துக்கொள்வது பிழை.

டம்பெல்லைப் பார்த்த எந்த வகுப்பிலும் ஒரு மாணவர் கேட்பார்: நடுவில் எலக்ட்ரான் இருக்கவே வாய்ப்பில்லாத கணுத்தளம் இருக்கிறதே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அது எப்படிப் போகிறது? நல்ல கேள்வி. ஆனால் போய்வருகிற ஒரு குண்டு உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதால் வந்த கேள்வி. அலை ஒரே நேரத்தில் இரு பக்கமும் இருக்கிறது. மேலும் கீழும் ஆடும் எந்த அலைக்கும் நடுவில் சூன்யமாகும் இடம் உண்டு, அதுதான் கணு.

இந்தக் கணுக்களை எண்ணினால் ஹைட்ரஜனின் ரகசியம் பிடிபடும். 3எஸ்-இல் இரண்டு கணுக்கள், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கோளப் பரப்புகள். 3பி-யிலும் இரண்டுதான்: ஒரு கோளம், ஒரு தளம். 3டி-யிலும் இரண்டு, இரண்டும் குறுக்கே வெட்டும் தளங்கள். அவைதான் நான்கு இலைகளையும் பிரிக்கின்றன. (அந்த வளையக்காரருக்குத் தளங்களுக்குப் பதில் கூம்புகள்.) அலை எவ்வளவு மடிகிறதோ அவ்வளவு அதன் ஆற்றல். மடிப்பு எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றாக இருக்க, ஹைட்ரஜனில் ஆற்றலும் ஒன்றாகிவிடுகிறது. தூரத்தின் தலைகீழ் விகிதத்தில் குறையும் ஒற்றை மின்சுமையின் ஈர்ப்பு ஆற்றலுக்கு மட்டுமே வாய்த்த கணித அதிர்ஷ்டம் இது. உள்ளே இன்னும் சில எலக்ட்ரான்களை வைத்துவிட்டால் அந்த அதிர்ஷ்டம் போய்விடும். அதன் பிறகு கணு எங்கே இருக்கிறது என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

பாடப்புத்தகப் படம் மறைத்துவிடுவது இதைத்தான். 3எஸ்-ஐ ஒரு கோளம் என்று வரைந்தால் அதன் உட்புறம் தெரியாது. வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குகள்: வெளியே ஒரு தடித்த ஓடு, உள்ளே ஒரு சிறிய ஓடு, அதற்கும் உள்ளே அணுக்கருவைத் தொட்டுக்கொண்டு ஒரு குட்டித் திரள். 3பி-க்கு இரண்டு அடுக்குகள். அணுக்கருவின் இடத்தில் அதற்குச் சூன்யம். 3டி-க்கு ஒரே அடுக்கு. அது உள்பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. காரணம் கோண உந்தம். டி எலக்ட்ரானுக்குச் சுழற்சி அதிகம். அந்தச் சுழற்சியே அதை மையத்திலிருந்து தள்ளி நிறுத்துகிறது. எஸ் எலக்ட்ரானுக்குக் கோண உந்தம் சூன்யம். அதைத் தடுக்க எதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஹைட்ரஜனில் அணுக்கருவிலிருந்து சராசரித் தூரம் எவ்வளவு என்று கணக்கிட்டால், 53 பிக்கோமீட்டர் என்ற போரின் ஆரத்தை அலகாகக் கொண்டு, 3டி-க்கு 10.5, 3பி-க்கு 12.5, 3எஸ்-க்கு 13.5. சராசரியில் அணுக்கருவுக்கு மிக அருகில் இருப்பது 3டி-தான், மிகத் தொலைவில் இருப்பது 3எஸ்! "அருகில் இருப்பதால் ஆற்றல் குறைவு" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது இதனால்தான். 3எஸ் பெரும்பாலும் தொலைவில் திரிந்தாலும், அதன் சிறு பங்கு பத்து எலக்ட்ரான்களின் மறைப்பைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுகிறது. அங்கே காத்திருப்பது 1 அல்ல, 11 மின்சுமை. பங்கு சிறிதானாலும் கிடைக்கும் ஈர்ப்பு பெரிது. அந்த ஈர்ப்பால் சோடியத்தில் மொத்த ஆர்பிட்டாலும் உள்ளிழுக்கப்பட்டு, ஆற்றல் -5.14 வரை இறங்கிவிடுகிறது. இதற்கு ஊடுருவல் என்று பெயர்.

சோடியத்தின் எண்களிலேயே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அதன் 4எஸ் மட்டத்தை அளந்தால் -1.95. 3டி-யின் -1.52-க்குக் கீழே. நான்காம் மட்டம் மூன்றாம் மட்டத்துக்கு அடியில் போய்விட்டது! அடுத்தடுத்த தனிமங்களில் மெக்னீசியம், அலுமினியம் என்று 3எஸ், 3பி நிரம்பி ஆர்கானில் முடிந்தபின், பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 3டி-யை விட்டுவிட்டு 4எஸ்-க்குப் போவதன் காரணம் இதுதான். பொட்டாசியத்தில் 4எஸ் -4.34, 3டி -1.67. பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இங்கே பள்ளிப் பாடம் ஒரு தவறான பழக்கத்தை ஊட்டிவிடுகிறது. சாய்ந்த அம்புக்குறிகள் போட்ட ஒரு படத்தைக் காட்டி, எல்லா அணுக்களிலும் 4எஸ், 3டி-யைவிடத் தாழ்ந்தது என்று பதிய வைத்துவிடுகிறார்கள். பிறகு இரும்பு அயனியாகும்போது முதலில் 4எஸ் எலக்ட்ரான்களே வெளியேறுகின்றன என்று இன்னொரு பக்கத்தில் வரும். தாழ்ந்த மட்டத்தில் இருப்பது எப்படி முதலில் வெளியேறும்? விழித்திருக்கும் மாணவருக்கு இது உறுத்த வேண்டும்.

19 எலக்ட்ரான்கள் மட்டுமே உள்ள மூன்று பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். முதலாவது பொட்டாசியம் அணு: 3டி, 4எஸ்-ஐவிட 2.67 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. அடுத்தது ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம்: வித்தியாசம் 1.7 ஆகக் குறைகிறது. மூன்றாவது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஸ்கேண்டியம்: இங்கே தலைகீழ், 3டி-தான் கீழே, அதுவும் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில். அணுக்கருவின் மின்சுமை ஏற ஏற, வெளியே ஒதுங்கி நின்ற 3டி சுருங்கி உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே வந்தபின் மடிப்புக் குறைந்த மூன்றாம் மட்டத்துக்கே உரிய ஆழம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஸ்கேண்டியத்திலிருந்து 3டி தாழ்ந்தது. அப்புறம் ஏன் அந்த அணுவில் 4எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன? சுருங்கிய 3டி-யில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். சிலவற்றை விசாலமான 4எஸ்-இல் விட்டுவைத்தால் மொத்தக் கணக்கு லாபம். ஆர்பிட்டாலின் ஆற்றல் வேறு, அணுவின் மொத்த ஆற்றல் வேறு. குரோமியமும் செம்பும் அம்புக்குறிப் படத்துக்கு அடங்காமல் 4எஸ்-இல் ஒரே எலக்ட்ரானை வைத்துக்கொள்வதும் இந்தக் கணக்கின்படிதான். அவற்றை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யச் சொல்வது, படத்தின் குறையைத் தனிமத்தின் தலையில் கட்டுவது.

மேலே சொன்ன கால்சியம் அயனி நமக்கு அறிமுகமானதுதான். அதன் எலக்ட்ரான் 4பி-யிலிருந்து 4எஸ்-க்கு இறங்கும்போது 393.4 நானோமீட்டரில் ஊதா ஒளி வரும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வைத்திருப்பது இந்த ஒளியில். சூரியனின் காந்தப்புலம் வலுத்த இடங்கள் அதில் பளிச்சென்று தெரியும். எஸ்-க்கும் பி-க்கும் ஊடுருவலில் வேற்றுமை இல்லையென்றால் அந்தப் படக்குவியலும் இல்லை.

இந்த வடிவங்களை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா? 1931-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹார்வி ஒயிட், எலக்ட்ரான் மேகத்தின் படங்கள் என்று பலவற்றை வெளியிட்டார். அசல் ஒளிப்படங்கள்தான், ஆனால் படம்பிடித்தது அணுவையல்ல, அந்தக் கணக்குக்கு ஏற்பச் சுழலும்படி அவர் செய்த ஓர் இயந்திர மாதிரியை. 2013-இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வுக்குழு உண்மையான ஹைட்ரஜன் அணுக்களை வைத்தே இதைச் செய்தது. மின்புலத்தில் நிறுத்திய அணுக்களை லேசரால் கிளர்ச்சியூட்டி, தப்பி வந்த எலக்ட்ரான்களை ஒரு திரையில் விழவைத்தார்கள். ஒரு எலக்ட்ரான் ஒரு புள்ளிதான். ஆயிரமாயிரம் அணுக்களின் புள்ளிகள் சேர்ந்தபோது ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் திரண்டன, நடுநடுவே இருட்டு. அந்த இருட்டு வளையங்களின் எண்ணிக்கை கணக்கு சொன்ன கணுக்களின் எண்ணிக்கையோடு பொருந்தியது. பல எலக்ட்ரான்கள் உள்ள அணுவுக்கு இப்படிச் சொல்லிக்கொள்வது கடினம். அங்கே எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தனித்தனி ஆர்பிட்டால் என்பதே ஒரு நல்ல தோராயம்தான்.

மஞ்சள் ஏன் இரண்டு கோடுகளாகப் பிரிகிறது என்பது பாக்கி. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று 1925-இல் உலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் சொன்னார்கள். தற்சுழற்சியின் காந்தத்தன்மையும் சுற்றுவதால் வரும் காந்தத்தன்மையும் ஒத்தும் இருக்கலாம், எதிர்த்தும் இருக்கலாம். எஸ்-க்குச் சுற்றும் உந்தமே இல்லாததால் அது பிரியாது; 3பி மட்டும் 0.002 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் இரண்டாகிறது.

ஹைட்ரஜனில் எஸ்-உம் பி-யும் ஒரே ஆற்றல் என்று முதலில் சொன்னதிலும் ஒரு பொடி எழுத்து நிபந்தனை உண்டு. 1947-இல் வில்லிஸ் லாம்பும் ராபர்ட் ரெதர்ஃபோர்டும் நுண்ணலையால் அளந்தபோது, ஒன்றாகவே இருக்க வேண்டிய 2எஸ்-உம் 2பி-யும் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸ் விலகியிருந்தன. எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால் பத்து லட்சத்தில் நாலு பங்கு. வெற்றிடத்தின் மின்காந்த அதிர்வுகள் எலக்ட்ரானைச் சதா உலுக்குகின்றன. அணுக்கருவின் மீதே படியும் எஸ் எலக்ட்ரானுக்கு அந்த உலுக்கலால் பிடிமானம் சற்றுக் குறைகிறது. குவாண்டம் மின்னியக்கவியல் என்ற துறையே இந்த அளவீட்டின் வேகத்தில் வளர்ந்தது. இங்கும் குற்றவாளி, அணுக்கரு வரை நுழையும் எஸ்-தான்.

அட்டவணையின் அடிப்பகுதியில் அந்த நுழைவுக்கு விலை கூடுகிறது. தங்கத்தின் அணுக்கருவில் 79 மின்சுமை. அதன் 1எஸ் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் சுமார் 58 சதவீதம். அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல்படி எலக்ட்ரானின் நிறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். நிறை கூடினால் ஆர்பிட்டால் சுருங்கும். ஆறாம் மட்டத்தின் எஸ்-உம் தப்புவதில்லை, அதன் உள்திரளும் அதே அணுக்கரு வாசலில்தான் இருக்கிறது. அதனால் 6எஸ் சுருங்கி ஆழமாகிறது. உள்ளே நுழையாத 5டி-க்கு நடப்பது எதிர்மாறு: சுருங்கிய எஸ் எலக்ட்ரான்கள் அணுக்கருவை இன்னும் நன்றாக மறைத்துவிட, அது மேலெழுகிறது. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்துபோய், தங்கம் நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள். வெள்ளியில் அந்த இடைவெளி புற ஊதாவில் இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் திருப்பிவிட்டு வெளுப்பாக நிற்கிறது. சாதாரண வேதியியலில் சார்பியலுக்கு வேலையில்லை என்று 1929-இல் எழுதியவர் பால் டிராக், அதாவது எலக்ட்ரானுக்குச் சார்பியல் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தவரே. பெக்கா பூக்கோ போன்றவர்கள் எழுபதுகளில் கணக்குப் போட்டுக் காட்டும்வரை வேதியியலாளர்கள் பெரும்பாலும் அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பாதரசம் திரவமாக இருப்பதும் இந்தச் சுருங்கிய 6எஸ்-ஆல்தான். அதன் இரண்டு எலக்ட்ரான்களையும் அணு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் பக்கத்து அணுவோடு பிணைப்பு பலவீனம். 2013-இல் வெளியான ஒரு கணக்கீட்டில் சார்பியலை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, பாதரசத்தின் உருகுநிலை சுமார் 105 டிகிரி உயர்ந்தது.

தனிம வரிசையில் பாதரசத்துக்கு இரண்டு இடம் தள்ளி ஈயம். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈய டை ஆக்சைடு தகட்டில் இருக்கும் ஈயம், தன் இரண்டு 6எஸ் எலக்ட்ரான்களையும் இழந்து நிற்கிறது. ஆழத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்துக்கு எலக்ட்ரான்களைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வேட்கைதான் மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. பூக்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் கணக்கிட்டபடி, ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவு தருவது. ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 10 வோல்ட்.